கணவரின் ஆபீஸில் ஒன்பது நாள்

கட்டடங்களுக்கு வயதாகும்போது முதலில் தொலைவது அவற்றின் வரைபடம்தான். கட்டியவர் போய்விடுவார், வாங்கியவர் விற்றுவிடுவார், நடுவில் யாரோ ஒரு சுவரை இடித்து வேறொரு சுவரை எழுப்பியிருப்பார்கள். கடைசியில் ஒரு நாள் எதையாவது மாற்றிக் கட்டலாம் என்று நாலு பேர் கூடி உட்காரும்போதுதான், இப்போது இருப்பது என்ன என்றே யாருக்கும் தெரியாது என்பது தெரியவரும். அப்போது அவளைக் கூப்பிடுவார்கள். அவள் போய் மூலை முடுக்கு விடாமல் அளந்து, வீட்டுக்கு வந்து கணினியில் வரைந்து கொடுப்பாள். ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த வேலைக்கு வருமுன் பதினேழு வருஷம் ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குக் கட்டட வரைபடம் வரைந்தவள். நான்கு வருஷத்துக்கு முன்பு நிறுவனம் பாதி ஆட்களைக் குறைத்தது. அந்தப் பாதியில் அவளும் இருந்தாள். இரண்டு மாதம் வீட்டில் அலமாரிகளை ஒழித்து ஒழித்து வைத்தாள். ஒழிக்க இனி அலமாரியே இல்லை என்ற நிலையில், பழக்கமான ஆர்க்கிடெக்ட் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்தை அளந்து தர முடியுமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒரு கம்பளிக் கிடங்கு, அப்புறம் ஒரு பல் மருத்துவமனை, ஓர் அச்சகம். அந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்பதே அவளுக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் உறைத்தது. பதினேழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த பாரம், எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிருந்தது.

கணவருக்கு இது பிடிபடவில்லை. அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்து மூன்று வருஷமாக இருப்பவர். மோதி நசுங்கிய வண்டிகளுக்கு இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் பார்க்கிற பிரிவு.

“நிலையா ஒரு வேலை வேணாமா?” என்பார்.

“இப்போ இருக்கறதும் வேலைதானே?”

“இது இருக்கற வரைக்கும் வேலை. இல்லாதப்போ?”

“இல்லாதப்போ துணி மடிச்சு வைக்கறேன். நீங்க மடிக்கறீங்களா?”

பேச்சு அத்தோடு நிற்கும். நாத்தனார் மட்டும் ஞாயிறு தவறாமல் போனில், “கால் காசு உத்தியோகம்னாலும் கையெழுத்துப் போடற உத்தியோகமா இருக்கணும் அண்ணி,” என்று பழமொழியைத் தன் வசதிக்கு வளைத்துச் சொல்வாள். விடுதியில் தங்கிப் படிக்கிற மகளோ, “அம்மா, உன்னை யாரும் லீவு லெட்டர் கேக்க மாட்டாங்க இல்ல?” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அதோடு அந்த விஷயத்தை மறந்துபோனாள்.

அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை ஆர்க்கிடெக்ட் கூப்பிட்டு, நான்கு மாடி ஆபீஸ், ஒன்பது நாள் வேலை என்று விலாசம் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததை ஒருமுறை படித்தாள். இருபத்து மூன்று வருஷமாகக் கணவரின் சம்பளச் சீட்டின் தலையில் இருக்கிற அதே விலாசம்.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். அவருடைய கை பாதி வழியில் நின்றது.

“எங்க ஆபீஸையா?”

“உங்க ஆபீஸைத்தான். திங்கக்கிழமை வர்றேன்.”

அவர் தண்ணீரைக் குடித்தார். தட்டைப் பார்த்தார். பிறகு, “அங்க வந்து என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே,” என்றார்.

“ஏன்?”

மென்று முழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னார். அவளுக்கு வேலை போன சமயத்தில் ஆபீஸில் யாரோ, “வீட்டுல என்ன பண்றாங்க சார்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர், “அதே ஆபீஸ்தான், அதே டிராயிங்தான்,” என்று சொல்லிவைத்தார். ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், அப்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம். மாதம் வருஷமாகி, வருஷம் நாலாகிவிட்டது. நடுவில் அவளுக்கு ஒரு பதவி உயர்வு கூடக் கொடுத்திருந்தார்.

“என்னவா ஆக்கியிருக்கீங்க?”

“சீனியர்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது, ஆனால் அதைக் கிளற அவள் நினைக்கவில்லை. “சரி, தெரியாத மாதிரியே இருக்கேன்,” என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் வெவ்வேறு பேருந்தில் போனார்கள்.

எந்தக் கட்டடமானாலும் முதல் நாள்தான் அவளுக்கு மிகவும் பிடித்த நாள். கழிப்பறை எங்கே, எந்தக் கதவு இழுக்க வேண்டியது, எது தள்ள வேண்டியது என்று எதுவும் தெரியாது. காவலாளி கழுத்தில் மாட்டிவிட்ட விருந்தாளி அட்டையோடு, கையில் லேசர் அளவுக் கருவியும் அட்டையில் செருகிய தாள்களுமாகப் படிக்கட்டிலிருந்து தொடங்கினாள். கருவியைச் சுவரில் வைத்து அழுத்தினால் எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும், எண் வரும். நீளம், அகலம், உயரம், பிறகு மூலைக்கு மூலை. இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் அறை கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இருக்காது. பார்க்க நேராக நிற்கிற அறைகளில் பத்துக்கு எட்டு கோணல் என்பது அவள் இந்த நான்கு வருஷத்தில் கண்டது.

நிர்வாக மேலாளர் அவளைவிட வயதில் சின்னவர், இரண்டு கைபேசி வைத்திருந்த பெண். கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, “யாராவது தொந்தரவு பண்ணா எங்கிட்ட சொல்லுங்க,” என்றார். யாரும் தொந்தரவு பண்ணவில்லை. வழக்கம்போல எல்லோரும் கதைதான் சொன்னார்கள். இதை அவள் ஒவ்வோர் இடத்திலும் பார்த்திருக்கிறாள். அளக்க வந்தவளிடம் மனிதர்கள் ஏனோ மனதைத் திறந்துவிடுகிறார்கள். மேசையை நகர்த்தும் சாக்கில் பக்கத்தில் வருவார்கள், “உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன,” என்று ஆரம்பிப்பார்கள். இவள் யாருக்கும் மேலதிகாரி இல்லை, கீழே வேலை பார்ப்பவளும் இல்லை. யாருடைய பதவி உயர்வுக்கும் போட்டியில்லை. அடுத்த வாரம் இருக்கமாட்டாள். ஆற்றில் போட்டமாதிரி என்று நம்பிச் சொல்வார்கள், அவளும் கேட்டுக்கொண்டே எண்ணை எழுதுவாள்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் முதல் மாடியில் யாருக்கும் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை என்பது தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடிக் கணக்காளர் பகலில் காலணியைக் கழற்றிவிட்டு மேசைக்கடியில் கால்களை ஒரு பலகைமேல் வைத்துக்கொள்கிறார் என்பதும் தெரிந்தது. இரண்டாம் மாடித் தட்டச்சுப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். அவள் சொன்னதில்தான் கணவரின் பட்டப்பெயர் வந்தது.

“ஏசி வைக்கறதுல எங்களுக்குள்ள தினம் சண்டைம்மா. இவளுக்குக் குளிரும், அவளுக்கு வேர்க்கும். கடைசியில பஞ்சாயத்து சார் வந்துதான் தீர்த்து வெச்சார்.”

“யார் அது பஞ்சாயத்து சார்?”

“அதோ, அந்தக் கடைசி ரூம். இழப்பீட்டுப் பிரிவு. லீவு சண்டைன்னாலும் அவர்தான், நாற்காலி சண்டைன்னாலும் அவர்தான். ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டுட்டு ஒரே வார்த்தையில முடிச்சு வைப்பார். மறுபேச்சே கிடையாது.”

அவள் எண்ணை எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கடைசி அறையைப் பார்த்தாள். கதவில் இருந்தது அவள் கணவரின் பெயர்தான். வீட்டில் ஜன்னல் திரைக்கு நீலமா பச்சையா என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும், நீயே பாத்துக்கோ,” என்று செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்கிறவர். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் வார்த்தை தடித்தால் குளிக்கப் போய்விடுகிறவர்.

புதன்கிழமை அந்த அறையையும் அளக்க வேண்டிவந்தது. பதினாறு வருஷம் கூடத்தில் உட்கார்ந்தபின் கிடைத்த அறை. எலி வளையானாலும் தனி வளை என்பது அவர் கட்சி. கிடைத்த அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்திருந்தார். அதன் ஜன்னலையும் வெளிச்சத்தையும் அமைதியையும் ஏழு வருஷமாகச் சொல்லக் கேட்டுக் கேட்டு, அவள் மனதில் அது ஒரு நடுத்தர வரவேற்பறை அளவுக்கு வளர்ந்திருந்தது. கதவைத் தட்டினாள். உள்ளே ஒருவர் கோப்புடன் நின்றுகொண்டிருந்தார், தட்டச்சுப் பெண்மணி வாசலில் எட்டிப் பார்த்தாள்.

“அளக்கணும் சார். ரெண்டு நிமிஷம்.”

“தாராளமா மேடம்.”

“கொஞ்சம் காலை எடுக்கறீங்களா?”

அவர் காலை எடுத்தார். சிவப்புப் புள்ளி அவருடைய சட்டைப் பைக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, சுவருக்குப் போனது. மூன்று பக்கம் பலகைத் தடுப்பு, ஒரு பக்கம் யாருடையதோ அலமாரியின் முதுகு. ஜன்னல் என்பது பாதி ஜன்னல். மற்ற பாதி பக்கத்து அறைக்குப் போயிருந்தது.

“எவ்வளவு வருது மேடம்?”

“ரெண்டு புள்ளி ஜீரோ ஏழுக்கு ரெண்டு புள்ளி ஆறு ஒண்ணு.”

“அவ்வளவுதானா?”

“தடுப்போட கனத்தையும் சேர்த்தா இன்னும் அஞ்சு சென்டிமீட்டர் வரும் சார்.”

கோப்போடு நின்றவர் சிரித்தார். கணவரும் சிரித்தார். ஆனால் அவருடைய பார்வை, அவள் எழுதிய எண்மேலேயே இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில், “மெஷின் சரியாக் காட்டுமா?” என்று கேட்டார். காட்டும் என்றாள். “நல்லாத்தான் இருக்கு ரூம்,” என்றும் சொன்னாள். அது பொய்யில்லை. மேசைமேல் ஒரு தூசி இல்லை, பேனாக்கள் உயர வரிசையில் நின்றன, வந்தவர்கள் உட்கார ஒரு குட்டி நாற்காலிக்கு எப்படியோ இடம் பண்ணியிருந்தார்.

வியாழக்கிழமை நிர்வாக மேலாளர் இரண்டாம் மாடிக்கு வந்தார். தடுப்புகளை எல்லாம் அவள் நுணுக்கமாக வரைந்திருந்த தாளைப் பார்த்துவிட்டு, “இதுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். இந்தப் பதினொரு ரூமும் போயிடும். மொத்தமும் ஒரே ஹால்தான்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த மாசம் நாங்களே எல்லாருக்கும் சொல்லுவோம். அதுவரைக்கும் வெளியில போக வேண்டாம்,” என்றார்.

“என் வாயிலேருந்து போகாது,” என்றாள்.

இந்த வேலைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு கட்டடத்தில் பார்த்ததும் கேட்டதும் அந்தக் கட்டடத்தோடு சரி. நான்கு வருஷத்தில் அதைக் காப்பாற்ற அவள் சிரமப்பட்டதே இல்லை. கம்பளிக் கிடங்கை யாருக்கு விற்கப் போகிறார்கள் என்று தெரிந்து அவளுக்கு ஆகப்போவது என்ன? இந்த முறைதான் அந்தச் சட்டம் அவளோடு வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியது.

போதாததற்கு, அவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கைபேசியை நீட்டினார். அதில் ஓர் அலமாரித் தட்டின் படம்.

“ஆபீஸ்ல நம்ம ரூமுக்கு வாங்கலாம்னு பாக்கறேன். என் காசுலதான். கோப்பெல்லாம் தரையில கிடக்கு. எவ்வளவு அகலம் போகும், உன்கிட்டதான் அளவு இருக்கே.”

அவள் கையிலிருந்த சட்டையின் ஒரு கையை மடித்தாள், இன்னொரு கையை மடித்தாள். பொத்தானைப் போட்டாள், பிறகு கழற்றினாள்.

“இப்போ வாங்காதீங்க,” என்றாள்.

“ஏன், விலை குறையுமா?”

அவள் அடுத்த துணியை எடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நசுங்கிய வண்டியின் படத்தைப் பார்த்து எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது என்று சொல்கிற தொழில் அவருடையது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி,” என்றார். கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. கேட்காமல் விட்டது அவள் வார்த்தையைக் காப்பாற்றத்தான் என்பது மட்டும் புரிந்தது. வார்த்தை தவறியது போலவும் இருந்தது, தவறாதது போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவர், தானாகவே ஒரு கேள்வி கேட்டார்.

“நாளைக்கு ஆபீஸ் லீவு. நீ போறியா?”

“போகணும். வெளிச்சுவர் பாக்கி இருக்கு. வெயில்ல லேசர் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, டேப்தான்.”

“டேப்புக்கு ரெண்டு பேர் வேணுமே?”

“ஒரு முனையை ஆணியில மாட்டிப்பேன்.”

“நான் பிடிக்கறேன்,” என்றார்.

சனிக்கிழமை ஒரே பேருந்தில் போனார்கள். அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது போட்ட பழைய சட்டையைப் போட்டிருந்தார். வாசலில் காவலாளி எழுந்து நின்று, “சார், லீவு நாள்ல நீங்களா?” என்றார்.

“மேடத்துக்கு டேப் பிடிக்க வந்தேன்.”

காவலாளி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி,” என்றார் அவர். “கட்டடம் அளக்கறாங்க. நாலு வருஷமா அதான் வேலை.”

இதைச் சொன்னபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டை இழுத்து, விருந்தாளிகள் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

டேப் பிடிப்பதில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. டேப்பைத் தொய்யவிட்டார். பதினேழைப் பதினான்கு என்று படித்தார். “எண்ணைச் சொல்லிட்டு ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க,” என்று அவள் அதட்டினாள். வீட்டில்கூட அந்தக் குரலில் அவரிடம் பேசியதில்லை. அவர், “சரி மேடம்,” என்று திருப்பிச் சொன்னார். பதினொரு மணிவாக்கில் அவளுடைய கணக்கு இடித்தது. சந்துப் பக்கத்து வெளிச்சுவர் இருபத்து நாலு மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். உள்ளே அறைகளையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்தது.

“நான்தான் தப்பாப் படிச்சேன்,” என்றார் அவர் உடனே.

மறுபடி அளந்தார்கள். அதே எண்.

“அப்போ எங்கே போச்சு?”

“அதைத்தான் தேடணும்,” என்றாள்.

அவளுக்கு இந்த இடம் வந்துவிட்டால் பசி, தாகம் தெரியாது. உள்ளே போய் அறை அறையாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டாம் மாடியில் பழைய கோப்பு அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில்தான் அந்த இடைவெளி விழ வேண்டும். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். முட்டிபோட்டுக் கீழேயும் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. முன்னால் நின்ற இரும்பு அலமாரியை இருவருமாக இழுத்து நகர்த்தினால், இடுப்பு உயரத்தில் பலகைக் கதவு ஒன்று இருந்தது, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தது. சட்டைக் கையால் துடைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். ஒரு காலத்தில் கோப்புகளை மாடிக்கு மாடி அனுப்பிய கையிழுப்பு லிஃப்ட். கயிறு அப்படியே தொங்கியது. பெட்டியின் தரையில், தூசிக்கு நடுவே ஒற்றைச் செருப்பு.

“இருபத்து மூணு வருஷம்,” என்றார் அவர். “இந்த அலமாரிக்குப் பக்கத்துல நின்னு எத்தனை கோப்பு எடுத்திருப்பேன்!”

முகத்தில் சுண்ணாம்பு. அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. முதல் மாடியிலும் கதவு இருக்கிறதா என்று ஓடிப் பார்த்தார். இருந்தது. மூன்றாம் மாடியிலும் இருந்தது. ஒற்றைச் செருப்பு யாருடையது, மற்றது எங்கே, அவர் எப்படி வீட்டுக்குப் போனார் என்று மதியம் முழுவதும் ஆராய்ந்தார். அவள் இடைவெளியை அளந்து தாளில் போட்டாள். கணக்கு ஒட்டியது.

திரும்பும்போது பேருந்தில் கேட்டார்: “இது முடிஞ்சதும் அடுத்து என்ன?”

“தெரியாது. யாராவது கூப்பிடுவாங்க.”

“பயமா இருக்காதா?”

“கூப்பிடாத வாரத்துல இருக்கும்,” என்றாள். “ஆனா அது ஒரு வாரத்துப் பயம். முன்னாடி இருந்தது தினப்படி பயம்.”

 

திங்கட்கிழமை அவள் போனபோது ஆபீஸ் மாறியிருந்தது. காவலாளி விருந்தாளி அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் இரண்டு கையாலும் கொடுத்தார். காகிதக் கோப்பையில் வந்துகொண்டிருந்த தேநீர் பீங்கான் கோப்பையில், தட்டோடு வந்தது. இரண்டாம் மாடியில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் ஒரு ஆபீஸின் வாயை மூட ஓர் உறவுமுறை போதும் என்பதை அன்று கண்டாள். தட்டச்சுப் பெண்மணி அவளைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “சார் ரொம்ப நல்லவர் மேடம். தங்கமான மனுஷன்,” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஏசி சண்டை என்ன ஆயிற்று என்று அவளாகக் கேட்டதற்கு, “அதெல்லாம் ஒண்ணுமில்லை மேடம், நாங்க எல்லாரும் ஒத்துமையாத்தான் இருக்கோம்,” என்று பதில் வந்தது.

அந்த மூன்று நாளும் அவள் வேலையைச் சரியாகவே செய்தாள். ஆனால் அது வெறும் அளவாக இருந்தது. அறைகளில் சுவர்கள் இருந்தன, எண்கள் இருந்தன. மனிதர்கள் எல்லோரும் பஞ்சாயத்து சாரின் மனைவிக்கு முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் மாடிக் கணக்காளர்கூடக் காலணி போட்டிருந்தார். மதியத்தில் அவள் கணவரின் அறைக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததால், போய்ச் சாப்பிட்டாள். குட்டி நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் அவர் எழுந்திருக்க முடியாது. அப்போதும் யாராவது வந்து வாசலில் நின்று, “அப்புறம் வர்றேன் சார்,” என்று திரும்பிப் போனார்கள்.

“உனக்கு முன்னால எதையும் சொல்ல மாட்டேங்கறாங்க,” என்றார் அவர் சற்று வருத்தத்தோடு.

“எனக்கும்தான் சொல்ல மாட்டேங்கறாங்க,” என்றாள்.

ஒன்பதாம் நாள் நிர்வாக மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்தக் கையிழுப்பு லிஃப்டைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு திருப்தி. “எங்களுக்கு மொத்தம் ஆறு கட்டடம். பராமரிப்புக்குப் பொறுப்பா ஒரு ஆள் தேடிட்டிருக்கோம். நிரந்தர வேலை. உங்க வீட்டுக்காரரும் இங்கதான், சேர்ந்தே வரலாம் போகலாம்,” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் எழுந்துவந்தாள்.

நான்கு வருஷமாகக் கணவர் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். வீட்டில் அவள் சொல்லி முடித்ததும் அவர், “பரவாயில்லையே!” என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருத்துவக் காப்பீடு உண்டா, விடுப்பு எத்தனை நாள் என்று கேட்டார். பிறகு பேச்சு மெல்ல மெல்லத் தேய்ந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். மறுபடி திறந்தார்.

“என்ன யோசனை?” என்றாள்.

“ஒண்ணுமில்லை. நீயும் அங்க வந்துட்டா...” என்று நிறுத்தினார். “நான் சாயங்காலம் வந்து ஆபீஸ் கதையை யார்கிட்ட சொல்றது?”

அவள் பலமாகச் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “நிஜமாத்தான் சொல்றேன். இந்த மூணு நாளா நமக்குள்ள பேச ஒண்ணுமே இல்லை, கவனிச்சியா? நான் ஆரம்பிச்சா, தெரியும்ங்கறே.”

கவனித்திருந்தாள். மறுநாள் காலை மேலாளருக்குப் போன் செய்து, வேலை வேண்டாம் என்றாள். மேலாளர் காரணம் கேட்டார். “ஒரு இடத்துலயே இருந்து பழக்கம் விட்டுப்போச்சு,” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. நாத்தனாருக்கு விஷயம் போனபோது, வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் தள்ளிய கதை என்று அரை மணி நேரம் பேசினாள். கணவர்தான் போனை வாங்கி, “அது அவளுக்குச் சரிப்படாது, விடு,” என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

அடுத்த மாதம் பதினொரு அறைகளும் இடிபட்டன. அறிவிப்பு வந்த அன்று ஆபீஸே கொதித்தது. எல்லோரும் பஞ்சாயத்து சாரிடம் வந்து முறையிட்டார்கள். அவர் தன் அறையும் போவதைச் சொல்லாமல், யாருக்கு எந்த ஜன்னலோரம் என்று பிரித்துக் கொடுத்தாராம். தனக்கு என்ன எடுத்துக்கொண்டார் என்று அவள் கேட்டாள். தூணுக்குப் பக்கத்து மேசை என்றார். தூண் எந்தப் பக்கம் என்பதும், அது நாற்பத்தைந்து சென்டிமீட்டர் சதுரம் என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் விவரிக்கட்டும் என்று விட்டாள். அவர் தூணை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி விவரித்தார்.

அதற்குள் அவளுக்கு அடுத்த வேலை வந்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கு. பழங்களை மாதக்கணக்கில் வைக்கிற இடம், ஆறு பெரிய அறைகள், ஒருவாரக் கணக்கு. கேள்விப்பட்டதும் அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

“சனிக்கிழமை டேப் பிடிக்க வரட்டுமா?”

 அன்றைக்கு முகத்தில் சுண்ணாம்போடு மாடிக்கு மாடி ஓடியவரை அவளுக்கு நினைவு இருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் நினைவு இருந்தது.

“வேண்டாங்க,” என்றாள். “தனியாப் போனாத்தான் எனக்கு வேலை ஓடும்.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் எண்ணைத் தப்பாப் படிக்கறேன்னுதானே?” என்றார்.

“அதுவும்தான்.”

“சரி. வந்து சொல்லு, உள்ள எப்படி இருக்குன்னு,” என்று செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் மூன்று பேருந்து மாறிப் போனாள். கிடங்குக்காரர் யாரோ விட்டுப்போன தடித்த கோட்டு ஒன்றைக் கொடுத்தார். அது அவளுக்கு முழங்காலைத் தாண்டியது, கை விரல்களை மூடியது. கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, கருவியைத் துடைத்து, முதல் அறையின் கதவு இழுக்க வேண்டியதா தள்ள வேண்டியதா என்று பார்த்தாள். இரண்டும் இல்லை. பக்கவாட்டில் நகர்த்த வேண்டியது. நகர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.